தொடுதிரையின் அளவுத் திருத்தம்: ஒரு பொது ஆராய்ச்சி

மடிக்கணினித் திரையில் விரல் பதிந்த இடம் ஒன்றாகவும், கணினி அதை ஏற்றுக்கொண்ட இடம் வேறொன்றாகவும் இருக்கும்போது, அந்தப் பிசகை நீக்கும் பொருட்டுச் செய்யப்படுகிற காரியத்தை அளவுத் திருத்தம் என்கிறோம். லினக்ஸைக் கருவாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளங்களில் இது சம்பந்தமாக எழுதப்பட்டிருக்கும் குறிப்புகள் மிகப் பல. ஆனால் ஒரு குறிப்பு சொல்வதை மற்றொரு குறிப்பு மறுப்பதும், ஒரு கணினியில் பலித்த முறை அடுத்த கணினியில் பலிக்காமற் போவதும், நேற்றுச் சரியாக இருந்த திரை கணினியை அணைத்துத் திறந்தவுடன் பழைய பிசகுக்கே திரும்புவதும் இத்துறையில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் ஏற்படும் அநுபவம். குறிப்பு எழுதியவர்களின் கவனக்குறைவு இதற்குக் காரணமன்று. வெவ்வேறு இயல்புள்ள நான்கு குறைகள் ஒரே பெயரால் வழங்கிவருவதும், குறை இன்னதென்று நிதானிக்கும் முன்பே பரிகாரம் தேடப்படுவதுமே காரணம் என்பது ஆராய்ந்து பார்த்தால் விளங்கும். அந்த நான்கையும் பிரித்துக் காட்டுவதும், ஒவ்வொன்றுக்கும் உரிய பரிகாரத்தின் ஸ்தானத்தைச் சொல்வதும், ஒருவர் கண்ட பரிகாரம் ஊருக்குப் பயன்படும் வழியைச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வட்டாரத்தில் இதன் அவசியம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலைச் சேர்ந்த காஞ்சிபுர வட்டாரத்தில் இந்த விஷயத்தைப் பற்றி எழுதுவது பொருத்தமற்றது என்று சிலருக்குத் தோன்றக்கூடும். ஆனால் இங்கே நெய்யப்படும் பட்டுச் சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய டிசைன் முன்னெல்லாம் கட்டம் போட்ட காகிதத்தில் சதுரம் சதுரமாக நிரப்பப்பட்டு, அதைப் பார்த்துத் தறியின் ஜக்கார்டு அட்டையில் துளையிடப்பட்டது. இப்போது அந்தக் கட்டம் பல இடங்களில் கணினித் திரைக்கு ஏறிவிட்டது. ஒரு சதுரம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடத்தைக் குறிப்பதாகையால், அங்கே நேரும் பிசகு சேலையில் பிசகாகவே வந்து நிற்கும்.

240 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டுக்கான டிசைனை, அகலவாட்டில் 1366 புள்ளிகள் கொண்ட 14 அங்குலத் திரை முழுவதிலும் பரப்பி வைத்தால், ஒவ்வொரு சதுரத்துக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஐந்தே முக்கால் புள்ளிகள். திரையின் அகலம் சுமார் 310 மில்லிமீட்டர் ஆகையால் ஒரு சதுரத்தின் அகலம் 1.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தொடுகோல் பதிந்த இடத்துக்கும் கணினி ஏற்றுக்கொண்ட இடத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒன்றரைச் சதுரம் தள்ளி நிறம் விழும். செய்தி படிக்கிறவருக்குப் பொருட்படுத்தத் தகாத அதே இரண்டு மில்லிமீட்டர் டிசைன் எழுதுகிறவருக்கு ஒரு நாள் வேலையைக் கெடுக்கப் போதுமானது.

தமிழ் எழுதுவோருக்கும் இதில் அக்கறை உண்டு. 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 விசைப்பலகையில் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஆய்தமும் கிரந்த எழுத்துகளும் இடம்பெற வேண்டியிருப்பதால், அதைத் திரையில் வரைந்து காட்டும்போது ஆங்கில எழுத்துகளுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதலான விசைகளில் எழுத்துகளை அடைக்க வேண்டியிருக்கிறது. விரலின் பிசகு சிறிதானாலும் குறிலுக்குப் பதில் நெடில் விழுகிறது.

திரையின் இரு ஜாதிகள்

தொடுதிரையின் வரலாறு 1965இல், இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரத்து அரசு ரேடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் வெளியிட்ட குறிப்போடு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். 1970களில் அமெரிக்காவில் சாமுவேல் ஹர்ஸ்ட் என்பவர் மின்தடையை அடிப்படையாகக் கொண்ட தொடுபரப்பை உருவாக்கினார். இன்றும் மின்தடைத் திரை, மின்தேக்கத் திரை என்ற இரண்டு ஜாதிகளே நம் கைக்கு வருகின்றன. அளவுத் திருத்தம் என்ற பிரச்னை இவ்விரண்டிலும் ஒரே தன்மையுடையதன்று.

மின்தடைத் திரையில் மின்சாரம் கடத்தும் இரண்டு மெல்லிய படலங்கள் சிறு இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றன. விரலோ கோலோ அழுத்தும்போது மேற்படலம் கீழ்ப்படலத்தைத் தொடுகிறது. தொட்ட இடத்தின் மின்னழுத்தம் அளக்கப்பட்டு ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. வழக்கமான 12 பிட் மாற்றியில் அந்த எண் 0 முதல் 4095 வரை வரலாம். ஆனால் திரையின் இடது ஓரம் 0 என்றும் வலது ஓரம் 4095 என்றும் அமைவது அபூர்வம். ஒரு திரையில் 200இல் தொடங்கி 3900இல் முடியும். அதே தொழிற்சாலையில் அடுத்து வந்த திரையில் 260இல் தொடங்கி 3840இல் முடியும். நாளடைவில் படலம் தேய்வதாலும் வெப்பத்தாலும் இந்த எல்லைகள் நகர்வதுண்டு. ஆகவே ஒவ்வொரு திரையையும் தனித்தனியே அளந்து திருத்துவதும், சில காலம் கழித்து மறுபடி திருத்துவதும் இந்த ஜாதிக்கு இன்றியமையாதவை.

இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் காணப்படும் மின்தேக்கத் திரை வேறு விதமானது. கண்ணாடியின் அடியில் கிடையாகவும் நெடுக்காகவும் ஒளி ஊடுருவும் மின்கோடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. விரல் அருகில் வரும்போது பல கோடுகளில் மின்தேக்கம் மாறுகிறது. திரைக்குள்ளேயே இருக்கும் சில்லு அந்த மாறுதல்களைக் கணக்கிட்டு, விரலின் மையம் இன்ன இடம் என்று முடிவு செய்து, அந்த முடிவையே கணினிக்கு அனுப்புகிறது. கோடுகளின் இடம் தொழிற்சாலையில் நிர்ணயமாகிவிட்டதால் ஓரங்கள் நகர்வதில்லை. இத்திரையில் பிசகு காணப்பட்டால், அளவில் தவறு என்று எண்ணுவதற்கு முன் வேறு காரணங்களைத் தேடுவதே நியாயம்.

திருத்தத்தின் கணிதம்

எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றே. தொட்ட இடத்தின் கிடை, செங்குத்து என்ற இரண்டு எண்களை வாங்கி, ஆறு நிலையெண்களின் உதவியால் வேறு இரண்டு எண்களாக மாற்றித் தருவதே அது. புதிய கிடை = அ × கிடை + ஆ × செங்குத்து + இ; புதிய செங்குத்து = ஈ × கிடை + உ × செங்குத்து + ஊ. இவற்றுள் அ, உ என்பவை விரிவையும் சுருக்கத்தையும், இ, ஊ என்பவை இடப்பெயர்ச்சியையும், ஆ, ஈ என்பவை சாய்வையும் திசைமாற்றத்தையும் காட்டுகின்றன. திருத்தமே வேண்டாத திரைக்கு அந்த ஆறு எண்கள் 1, 0, 0, 0, 1, 0 என்று அமையும். திரையின் அகலத்தையும் உயரத்தையும் 1 என்று கொண்டால், தலைகீழாக மாட்டப்பட்ட திரைக்கு −1, 0, 1, 0, −1, 1 என்று அமையும்.

அறியப்படாத எண்கள் ஆறு. தொட்டுக் காட்டும் ஒவ்வோர் இடமும் இரண்டு சமன்பாடுகளைத் தருகிறது. ஆகவே ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று இடங்களைத் தொட்டாலே கணக்கு தீர்ந்துவிடும். ஆயினும் கை நடுக்கத்தாலும் பார்வைச் சாய்வாலும் ஒவ்வொரு தொடுதலிலும் சிறு தவறு கலந்திருப்பதால், நான்கு அல்லது ஐந்து இடங்களைத் தொடச் செய்து, பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி சராசரி காண்பது உத்தமம். தொடும்போது வேலை செய்யும் நிலையிலேயே உட்கார்ந்து, வேலைக்குப் பயன்படுத்தும் கோலாலேயே தொட வேண்டும். கனத்த கண்ணாடியை ஒருவர் நின்றபடி குனிந்து பார்த்துத் திருத்தியது, உட்கார்ந்து எழுதுகிறவருக்குப் பொருந்தாது.

இந்தக் கணிதத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. நேர்கோட்டை இது நேர்கோடாகவே மாற்றும். வளைந்த கோட்டை நிமிர்த்தாது. மூலைகளிலும் நடுவிலும் சரியாக இருந்து, இடைப்பட்ட ஒரு பகுதியில் மட்டும் கோடு வளைகிறதென்றால், படலம் அங்கே தேய்ந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. திரையை மாற்றுவதே வழி.

லினக்ஸில் பரிகாரங்களின் வரலாறு

விரலின் செய்தி லினக்ஸில் பல அடுக்குகளைக் கடந்து வருகிறது. முதலில் கருவிலுள்ள டிரைவர். அடுத்து உள்ளீட்டு நிகழ்ச்சிகளை ஒரே வடிவில் தரும் ஈவ்டெவ் என்ற வாயில். அதன்மேல் அந்நிகழ்ச்சிகளுக்குப் பொருள் கற்பிக்கும் நூலகம். எல்லாவற்றுக்கும் மேலே திரையில் ஜன்னல்களை அமைக்கும் எக்ஸ் அல்லது வேலண்ட். திருத்தத்தை இவற்றுள் எந்த அடுக்கிலும் செய்யலாம் என்பதே கட்டற்ற அமைப்பின் செல்வம். புதியவர்களின் குழப்பத்துக்கும் அதுவே காரணம்.

கையடக்கக் கருவிகளில் லினக்ஸ் நுழைந்த காலத்தில், 2001 வாக்கில், ரஸ்ஸல் கிங் டிஎஸ்லிப் என்ற நூலகத்தைத் தொடங்கினார். ஐந்து இடங்களைத் தொடச் செய்து நிலையெண்களைக் கணக்கிடும் ஒரு சிறு நிரலும், நடுக்கத்தை வடிகட்டும் பகுதிகளும் அதில் இருந்தன. மடிக்கணினிகளில் எக்ஸ் அமைப்பு கோலோச்சிய காலத்துக்கு எக்ஸ்இன்புட் காலிபிரேட்டர் என்ற கருவி வந்தது. திரையில் நான்கு குறிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, அவை தொடப்பட்டவுடன் ஓரங்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களை எழுதித் தருவது அதன் வேலை. அக்காலத்தில் அது பலருக்கு உபகாரமாக இருந்தது.

பின்பு பீட்டர் ஹட்டரர் முதலியோரின் உழைப்பால் 2014 முதல் லிப்இன்புட் என்ற பொது நூலகம் வளர்ந்தது. 2017இல் வெளிவந்த டெபியன் பதிப்பு அதையே எக்ஸ் அமைப்பின் இயல்பான டிரைவராக ஏற்றுக்கொண்டது. லிப்இன்புட் கேட்பது நாம் மேலே கண்ட ஆறு எண்களின் அணி. பழைய கருவி எழுதித் தருவதோ ஓரங்களின் நான்கு எண்கள். ஆகவே பழைய முறைப்படி அந்த நான்கு எண்களை அமைப்புக் கோப்பில் எழுதினால் புதிய டிரைவர் அவற்றைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. பழைய குறிப்புகளை ஒழுங்காகப் பின்பற்றியும் பலன் காணாமல் சலித்துப்போனவர்களின் சங்கடம் பெரும்பாலும் இந்த ஒரு மாறுதலில் அடங்கியிருக்கிறது.

2008இல் தொடங்கிய வேலண்ட் மற்றொரு மாறுதலைக் கொண்டுவந்தது. எக்ஸ் அமைப்பில் எந்தப் பயனரும் ஓடுகிற நிலையிலேயே உள்ளீட்டுக் கருவியின் அணியை மாற்றிவிடலாம்; கணினியை அணைத்தால் அந்த மாற்றம் மறைந்துபோகும். வேலண்டில் உள்ளீட்டுக் கருவிகள் முழுவதும் திரை மேடையை (டெஸ்க்டாப்) நிர்வகிக்கும் நிரலின் ஆதிக்கத்துக்கு உட்பட்டவை. மற்ற நிரல்கள் அவற்றை நெருங்க முடியாது. பாதுகாப்பின் பொருட்டு இது நல்லதே. அதன் விளைவாக, கருவி இணைந்தவுடன் அதன் குணங்களைப் பதிவு செய்யும் யூடெவ் என்ற அமைப்பின் விதிகளில் ஆறு எண்களையும் எழுதிவைப்பதே நிலையான வழியாகிவிட்டது. அந்த விதி எக்ஸிலும் வேலண்டிலும் ஒரே மாதிரி பலிக்கும். கணினியை அணைத்துத் திறந்தாலும் நிலைத்திருக்கும். ஆனால் எக்ஸ் தனக்கென்று வேறோர் அணியையும் வைத்திருப்பதால், அதிலும் யூடெவிலும் ஒரே திருத்தத்தை எழுதிவிட்டால் திருத்தம் இருமுறை நிகழ்ந்து, குறை எதிர்த்திசையில் முளைக்கும். ஓர் இடத்தில் எழுதினால் மற்றோர் இடத்தைத் துடைத்துவிட வேண்டும்.

நான்கு குறைகள்

குறையை இனம் காண்பதற்கு விலையுயர்ந்த சாதனம் எதுவும் வேண்டியதில்லை. நான்கு மூலைகளையும் நடுவையும் தொட்டுப் பார்ப்பதும், ஈவ்டெவிலிருந்து வரும் எண்களை அப்படியே காட்டும் ஈவ்டெஸ்ட் என்ற சிறு நிரலை ஓடவிட்டுக் கவனிப்பதும் போதும்.

முதலாவது அளவுப் பிசகு. நடு சரியாக இருந்து ஓரங்களுக்குப் போகப் போகப் பிசகு வளர்ந்தால் விரிவில் தவறு. எல்லா இடத்திலும் ஒரே தூரம் தள்ளி விழுந்தால் இடப்பெயர்ச்சியில் தவறு. பெயருக்கு உரிய அளவுத் திருத்தம் இதற்கு மட்டுமே வேண்டும்.

இரண்டாவது திசைப் பிசகு. இடமாக நகர்த்தினால் சுட்டி வலமாகப் போவதும், கிடையாக இழுத்தால் செங்குத்தாக நகர்வதும் இதன் அடையாளங்கள். தொடுபரப்பும் காட்சிப்பரப்பும் வெவ்வேறு திசையில் பொருத்தப்பட்டிருப்பதாலோ, திரையை மட்டும் சுழற்றிவிட்டுத் தொடுபரப்பைச் சுழற்றாமல் விட்டதாலோ இது நேர்கிறது. குறிகளைத் தொட்டு அளப்பது இங்கே வீண் வேலை; 0, 1, −1 ஆகிய எண்களால் ஆன அணியை எழுதினால் குறை முழுமையாகத் தீரும்.

மூன்றாவது இலக்குப் பிசகு. மடிக்கணினியோடு வேறொரு திரையையும் இணைத்துப் பயன்படுத்தும்போது, எக்ஸ் அமைப்பு இரண்டையும் சேர்த்து ஒரே பெரும் பரப்பாகக் கருதித் தொடுபரப்பை அந்தப் பரப்பு முழுவதிலும் விரித்துவிடுகிறது. 1920 புள்ளி அகலமுள்ள இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மடிக்கணினித் திரையின் நடுவில் தொட்ட விரல் இரண்டு திரைகளும் சந்திக்கும் எல்லையில் போய் விழும். அளவு தவறிவிட்டதாக மயங்கித் திருத்தத் தொடங்கினால், வெளித்திரையைக் கழற்றியவுடன் புதிய பிசகு தோன்றும். இன்ன தொடுபரப்பு இன்ன திரைக்கு உரியது என்று அறிவிப்பதே இதன் பரிகாரம். எக்ஸில் அதற்கு ஒரு கட்டளை உண்டு. இன்றைய க்னோம், கேடிஇ போன்ற மேடைகள் இதனைத் தாமே கவனிக்கின்றன.

நான்காவது உணர்ச்சிப் பிசகு. தொடாத இடத்தில் தொட்டதாகப் பதிவதும், சுட்டி ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பதும், சார்ஜரைச் செருகியவுடன் கோளாறு வந்து கழற்றியவுடன் நீங்குவதும் இந்த இனம். மின்தேக்கத் திரையின் சில்லு, விரல் இல்லாதபோது உள்ள நிலையை அடிப்படையாக நினைவில் வைத்து, அதிலிருந்து ஏற்படும் மாறுதலையே தொடுதலாகக் கொள்கிறது. ஈரக் கையாலும், நிலத்தொடர்பு சரியில்லாத மின்னிணைப்பாலும் அந்த அடிப்படை குலைகிறது. எந்த அணியும் இதைத் தீர்க்காது. திரையைத் துடைத்துவிட்டு, விரல் படாமல் கணினியை அணைத்துத் திறப்பதும், மின்னிணைப்பைச் சோதிப்பதும் இங்கே செய்யத்தக்கவை.

இந்திய அநுபவம்

நம் நாட்டில் கட்டற்ற இயங்குதளமும் தொடுதிரையும் சேர்ந்த முதல் பெருமுயற்சி சிம்ப்யூட்டர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி 1999இல் ஓர் அறக்கட்டளை அமைத்து, எழுத்தறிவு குறைந்த கிராமவாசியும் கோலால் தொட்டு இயக்கக்கூடிய சிறு கணினியை லினக்ஸின்மேல் உருவாக்கி, 2001இல் உலகுக்குக் காட்டினர். வாணிபத்தில் அது பெரிதாக வெற்றி பெறவில்லையாயினும், கருவியின் வரைபடத்தையே பொது உரிமத்தில் வெளியிடலாம் என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டியது.

2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ஆகாஷ் பலகைக் கணினியின் முதல் வடிவம் ஏழு அங்குல மின்தடைத் திரையுடன் வந்தது. அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் வடிவம் மின்தேக்கத் திரைக்கு மாறியது. ஏறக்குறைய ஓராண்டில் நிகழ்ந்த அந்த மாறுதல், முன் சொன்ன இரு ஜாதிகளின் வேற்றுமையை நாட்டுக்கே பிரத்தியட்சமாகக் காட்டியது. தமிழகத்திலோ 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே, சென்னை சிடாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி அமைத்த பாஸ் லினக்ஸ் மாணவர் வீடுகளுக்குள் நுழைந்தது. அந்தக் கணினிகளில் தொடுதிரை இல்லை. ஆனால் லினக்ஸ் என்ற பெயர் அந்நியமாகத் தோன்றாத ஒரு தலைமுறையை அவை உண்டாக்கின. அந்தத் தலைமுறையே இன்று தொடுதிரைக் கணினிகளை வாங்குகிறது.

பரிகாரம் பொதுச்சொத்தாவது

ஒருவர் தம் கணினியில் ஆறு எண்களைக் கண்டுபிடித்து எழுதித் திருத்திக்கொண்டால் அவருடைய குறை தீர்ந்தது. ஆனால் அதே மாதிரிக் கணினியை வாங்கிய மற்றவர்கள் எல்லோரும் அதே வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. கட்டற்ற அமைப்பில் இந்த வீண்செலவைத் தவிர்க்க வழி உண்டு. சீனத்திலிருந்து மலிவாக வரும் பல கணினிகளில் உள்ள சிலீட் என்ற சில்லு, தன் பரப்பின் அளவையோ திசையையோ தானாக அறிவிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு மாதிரியின் பெயரையும் அதற்குரிய அளவையும் திசையையும் பட்டியலாக எழுதி லினக்ஸ் கருவிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஹான்ஸ் டி கூடே என்பவர் இதில் பெரும்பங்கு ஆற்றியவர். உள்ளீட்டுக் கருவிகளின் ஓர எண்களைத் திருத்துவதற்கு சிஸ்டம்டி தொகுப்பில் வேறொரு பட்டியலும் உண்டு. யாரோ ஒருவர் தம் மேசையில் அளந்து அனுப்பிய எண்கள் அடுத்த பதிப்பு வெளியானவுடன் உலகெங்கும் அந்த மாதிரிக் கணினியைத் திறப்பவர்களுக்கு உதவுகின்றன. குறை இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

அளவுகளைப் பொது இடத்தில் எழுதிவைக்கும் இந்த ஒழுக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட நீண்ட சாசனம், அங்கே இருந்த 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும், வைத்தியரும் சல்லியக்கிரியை செய்பவரும் பணிப்பெண்களும் பெற வேண்டிய நெல்லையும், சேமித்துவைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களையும் அளவுகளையும் நிரையாகச் சொல்கிறது. வைத்தியரின் ஓலைக்கட்டுக்குள் மறைந்திருக்கக்கூடிய விவரம், வருகிறவர் போகிறவர் எல்லோரும் படித்துச் சரிபார்க்கும்படி கல்லில் ஏறியிருக்கிறது. தன் திருத்தத்தைப் பொதுப்பட்டியலில் சேர்ப்பவர் செய்வதும் அந்தத் தர்மத்தைச் சேர்ந்ததே.

காஞ்சிபுரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்குகிறது. கணியம் போன்ற மின்னிதழ்கள் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதிவருகின்றன. ஆகவே இப்பணிக்கு வேண்டிய ஆட்களும் மேடையும் நம்மிடம் உண்டு. டிசைன் எழுதும் கூடங்களிலும் பள்ளிகளிலும் புழங்கும் தொடுதிரைக் கணினிகளை மாதிரிவாரியாகச் சோதித்து, கணினியின் மாதிரிப் பெயர், தொடுசில்லின் பெயர், லினக்ஸ் கருவின் பதிப்பு எண், கண்ட குறை நான்கனுள் எது, பலித்த ஆறு எண்கள் எவை என்ற ஐந்து விவரங்களையும் ஒரே ஒழுங்கில் தமிழில் குறித்துவைக்க வேண்டும். எல்லோருக்கும் பொதுவான திருத்தங்களை மூலத் திட்டங்களுக்கு அனுப்ப வேண்டும். குறையை முதலில் இனம் காண்பதும், திருத்தத்தை அதற்குரிய அடுக்கில் ஒரே முறை எழுதுவதும், எழுதியதைப் பொதுவில் வைப்பதும் ஆகிய மூன்றும் பழக்கமாகிவிட்டால், டிசைன் எழுதுகிறவர் கணினியைப் பற்றிய கவலை இல்லாமல் தம் கரையையும் முந்தானையையும் கவனிக்கலாம்.